14 வயதுப் பையன் கடை உடைத்தால் ஊர் என்ன செய்ய வேண்டும்?

வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்) | வியாழன், இரவு 8:40

எங்கள் ஊர் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம். ஊரின் பெயரைப் போடவில்லை. போட்டால் பையன் யாரென்று தெரிந்துவிடும்.

போன கிழமை ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத் தகரத்தைக் கழற்றி, லாச்சியில் இருந்த காசையும் ஒரு போனையும் எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் போயிருக்கிறார்கள். ஒருவனுக்கு 19 வயது, மற்றவனுக்கு 14. பெரியவன் றோட்டில் மோட்டர் சைக்கிளோடு நின்றிருக்கிறான். உள்ளே இறங்கியவன் சின்னவன். அதனால் கமெராவில் அவன் முகம் மட்டும் விழுந்திருக்கிறது.

விடிந்ததும் அந்தக் காட்சி ஊர் வட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. மத்தியானம் பேஸ்புக்கில் ஓடியது. பின்னேரம் சிலர் வீட்டுக்குப் போய்ப் பையனை இழுத்து வந்து மரத்தில் கட்டி அடித்தார்கள். அதையும் படம் எடுத்துப் போட்டார்கள். அதன் பிறகுதான் பொலிசுக்குச் சொன்னார்கள். இப்போது பிணையில் வந்து அம்மம்மாவோடு இருக்கிறான். தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பன் வேறு குடும்பம் நடத்துகிறார். பெரியவன் இன்னும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிருவாகமும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்து கூட்டம் வைக்கிறார்கள். மூன்று யோசனைகள் இருக்கின்றன. பையனைக் கழகத்திலிருந்து நீக்குவது, பாடசாலையிலிருந்து விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்பும்படி அதிபருக்கு மனு எழுதுவது, 'உள்ளே போடுங்கள்' என்று நீதவானுக்குக் கடிதம் கொடுப்பது. நான் கழகச் செயலாளர். மூன்றும் பிழை என்று என் மனம் சொல்கிறது. ஆனால் 'பாவம், சின்னப் பிள்ளை' என்று மட்டும் சொன்னால் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். சட்டம் தெரிந்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். எதிர்க்கருத்தும் வேண்டும்.


கல்முனைக் கடைக்காரன் | வியாழன், இரவு 9:25

எதிர்க்கருத்து கேட்டபடியால் எழுதுகிறேன் தம்பி.

என் கடையும் உடைபட்டிருக்கிறது. கடை உடைபட்டவனிடம் யாரும் வந்து 'உனக்கு என்ன நடந்தது' என்று கேட்பதில்லை. பொலிசில் முறைப்பாடு எழுத ஒரு நாள் போகும், அன்றைய வியாபாரம் போகும். சாமான்களில் பாதி கம்பனிக்காரனிடம் கடனுக்கு எடுத்தவை. 2022இல் விலை ஏறியபோது முதலைத் தின்றுதான் நாங்கள் கடையைத் திறந்து வைத்திருந்தோம். அதன் பிறகு களவு போகும் ஒவ்வொரு ரூபாயும் பிள்ளைகளின் ரியூசன் காசு, மனைவியின் காப்பு.

பையனை மரத்தில் கட்டி அடித்ததை நான் ஏற்க மாட்டேன். ஆனால் 'சிறுவர் உரிமை' என்று பேசுகிறவர்கள் எல்லோரும் பையனின் வீட்டுப் படியோடு நின்றுவிடுகிறார்கள். கடைக்காரன் வீட்டுக்கும் ஒருவர் வரவேண்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அவன் எடுத்ததற்கு என்ன செய்யப் போகிறான்? அதற்கு உங்கள் கூட்டத்தில் பதில் இருந்தால் மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம்.


நீதிமன்ற வாசல் | வியாழன், இரவு 10:10

சட்டத்தரணியாக இருக்கிறேன். இந்த வழக்கைப் பற்றி அல்ல, பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் வயது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்துக்கு முன்பு, இலங்கையில் 8 வயதுப் பிள்ளைமீதே குற்றப் பொறுப்பைச் சுமத்த முடிந்தது. இப்போது 12 வயதுக்குக் கீழ் எந்தச் செயலும் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளை, தான் செய்ததன் தன்மையை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சியோடு இருந்ததா என்பதை நீதவான் பார்க்க வேண்டும். 14 வயது நிரம்பிவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே பையனின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதி முக்கியம். அம்மம்மாவிடம் கேட்டு எடுத்து வையுங்கள்.

இந்த வழக்குகள் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் நடக்கின்றன. பத்தரமுல்லையில் இருப்பதுபோலத் தனியான சிறுவர் நீதிமன்றம் நாட்டின் பெரும்பாலான இடங்களில் கிடையாது. நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமரும். பொதுமக்கள் உள்ளே இருக்க முடியாது. பிள்ளையின் பெயர், முகவரி, பாடசாலை, படம் எதையும் பத்திரிகையில் போட முடியாது. 85 வருடத்துக்கு முந்திய சட்டம் வெளியே போகக்கூடாது என்று மறைத்த முகத்தை, உங்கள் ஊர் ஒரே நாளில் ஆயிரம் போனுக்கு அனுப்பியிருக்கிறது. இதைக் கூட்டத்தில் அப்படியே சொல்லுங்கள்.

அடித்தது தனிக் குற்றம். சிறுவர்களைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான பிரிவு 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்டது. அதற்கும் மேலாக, ஒரு காலத்தில் நீதிமன்றமே பையன்களுக்குப் பிரம்படி விதிக்கலாம் என்று இருந்தது. 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் உடல் தண்டனையை நீக்கியது. நீதிபதியின் கையிலிருந்தே எடுத்த பிரம்பை ஊரில் நாலு பேர் எடுக்க முடியாது.

நீதவானுக்குக் கடிதம் எழுதுவதால் எதுவும் ஆகாது. அவர் பார்ப்பது நன்னடத்தை உத்தியோகத்தரின் சமூக அறிக்கையை. அதை வைத்து எச்சரித்து விடலாம், பெற்றோர் அல்லது பொருத்தமான ஆளின் பொறுப்பில் விடலாம், 1 முதல் 3 வருடம் வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கலாம், சான்றுப் பாடசாலைக்கு (வழக்கில் சிக்கிய பிள்ளைகளைத் தங்கவைத்துத் திருத்தும் இடம்) அனுப்பலாம். கடைசியாகச் சொன்னது கடைசியாகத்தான் வர வேண்டும்.


செங்கலடிச் சந்தி | வெள்ளி, காலை 6:50

சேர், நீங்கள் சொன்ன சட்டம் முழுவதையும் இப்போது போதைமருந்து விற்பவர்கள் எங்களைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். ஐஸ் பக்கற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குப் பெரிய ஆளை அனுப்புவதில்லை. சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளையை அனுப்புகிறார்கள். பிடிபட்டால் 'சின்னவன், விட்டுவிடுவார்கள்' என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். இந்தக் கடை உடைப்பும் அப்படித்தான். 19 வயதுக்காரன் ஏன் வெளியே நின்றான்? சட்டம் மென்மையாக இருப்பதை அவன் பயன்படுத்தினான். பையனை ஒருமுறை உள்ளே போட்டால் அடுத்த பையன் பயப்படுவான். எங்கள் பக்கம் மாவா, கஞ்சா, ஐஸ் என்று பிள்ளைகள் அழிந்துகொண்டு போகிறார்கள். நான் கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன். எனக்கும் இரண்டு பொடியன்கள் இருக்கிறார்கள்.


நீதிமன்ற வாசல் | வெள்ளி, காலை 7:35

பயம் நியாயமானது அண்ணன். ஆனால் நீங்கள் சொன்ன காரணமே பெரியவனை நோக்கி விரல் நீட்டுகிறது. பிள்ளையைப் போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம். ஊர் தன் கோபத்தையெல்லாம் கமெராவில் முகம் தெரிந்தவனிடம் கொட்டிவிட்டது. அவனை அனுப்பியவனைத் தேடிக் கொடுக்க யாராவது ஒருவர் பொலிசுக்குப் போனாரா? பையன் வாய் திறந்தால்தான் பெரியவனைப் பிடிக்கலாம். அடிவாங்கி அவமானப்பட்ட பிள்ளை வாய் திறக்காது.


வந்தாறுமூலை வாசகன் | வெள்ளி, பகல் 1:15

சமூகவியல் படித்தவன். 'உள்ளே போட்டால் அடுத்தவன் பயப்படுவான்' என்ற இடத்தில்தான் நான் நீண்ட காலம் வாசித்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 1970களில் பையன்களைப் பெரிய சிறைக்குள் கூட்டிக்கொண்டு போய், ஆயுள் கைதிகளைக் கொண்டு பயமுறுத்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். நாடு முழுவதும் புகழ்ந்தார்கள். பல இடங்களில் அதைப் பின்பற்றினார்கள். பிறகு, போன பையன்களையும் போகாத பையன்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, போனவர்களே கூடுதலாகக் குற்றம் செய்திருந்தார்கள். பயம் வேலை செய்யவில்லை. தீங்குதான் செய்தது.

இன்னொன்று இங்கிலாந்தில் நடந்தது. தென் லண்டனில் 411 பையன்களை 1961 முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அதிலிருந்து டேவிட் ஃபாரிங்டன் ஒரு ஒப்பீடு செய்தார். ஒரே அளவு குழப்படி செய்த பையன்களில் சிலர் பிடிபட்டு நீதிமன்றத்தில் குற்றவாளி என்று பெயர் எடுத்தார்கள். சிலர் பிடிபடவில்லை. பெயர் எடுத்தவர்களின் குழப்படி அதன் பிறகு கூடியது. மற்றவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. அங்கே நீதிமன்றத்தோடு போனது அந்தப் பெயர். இங்கே பேஸ்புக்கில் போட்ட முகத்தை அழிக்க முடியுமா என்றே தெரியாது.

பெரியவன், சின்னவன் கதைக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கணினியில் கொடுத்துப் பார்த்தார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் தனியே விளையாடும்போது ஓரளவு கவனமாக இருந்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் துணிச்சல் பலமாகக் கூடியது. வளர்ந்தவர்களுக்கு யார் நின்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 14 வயதில் 'நீ பயந்தவன்' என்ற பேச்சு, பொலிஸ் பயத்தைவிடப் பெரிது.

இதையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் ஒரே நகரில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் பங்கெடுத்த டெரி மொஃபிட், 1993இல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். சிறு வயதிலேயே வன்முறையும் சண்டையுமாகத் தொடங்கி வாழ்நாள் முழுக்கப் போகிறவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானவர்கள் பதின்ம வயதில் தொடங்கி, வேலை, குடும்பம் என்று வந்ததும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் விடுவதற்கு வழி திறந்திருக்க வேண்டும். படிப்பு நின்றுபோனது, போதைப் பழக்கம், வழக்கு போன்றவை அந்த வழியை அடைத்துவிடும் என்று அவரே எழுதுகிறார். உங்கள் கூட்டத்தின் மூன்று யோசனைகளும் ஒவ்வொன்றாக அந்த வழியை அடைக்கின்றன. செயலாளர் தம்பி கேட்ட 'காரணம்' இதுதான் என்று நான் நினைக்கிறேன்.


தம்பிலுவில் அக்கா | வெள்ளி, இரவு 9:05

படித்தவர்கள் எழுதிய இடத்தில் நானும் எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் மகனும் 15 வயதில் ஒரு களவு வழக்கில் மாட்டினான். நான் அப்போது சவூதியில். அவனை ஒரு இல்லத்துக்கு அனுப்பினார்கள். எந்த இல்லம் என்று சொல்ல விரும்பவில்லை. அவன் திரும்பி வந்தபோது அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் சாதாரண தரம் எழுதி முடித்துவிட்டார்கள். இவனுக்கு விண்ணப்பமே போகவில்லை. யாரும் போட நினைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கோழி காணாமல் போனாலும் எங்கள் வாசலைத்தான் பார்த்தார்கள். இப்போது கொழும்பில் மேசன் வேலை. நல்ல பிள்ளையாகத்தான் இருக்கிறான், மாதம் காசு அனுப்புகிறான். ஆனால் ஊரில் இரண்டு நாளுக்கு மேல் தங்க மாட்டான்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான் தம்பி. குவைத்தில் இருக்கும் அந்தத் தாய்க்கு யார் சொன்னீர்கள்? எப்படிச் சொன்னீர்கள்? என் மகனின் செய்தி எனக்கு இன்னொரு வீட்டில் வேலை செய்த ஒரு பிள்ளையின் வழியாக வந்தது. அன்று முழுக்க எசமானியின் வீட்டில் சமைத்துக்கொண்டு, அழவும் முடியாமல் நின்றேன். அந்தத் தாய் மகன் கட்டப்பட்டு அடிவாங்குவதைப் போனில் பார்த்திருப்பாள். அவளோடு ஊரில் ஒரு பெரியவர் பேச வேண்டும். 'பிள்ளை எங்கள் பொறுப்பில் இருக்கிறான்' என்று ஒரு சொல்லாவது போக வேண்டும்.

'வெளிநாட்டுக்குப் போன தாய்மாரால்தான் பிள்ளைகள் கெடுகின்றன' என்று கூட்டத்தில் யாராவது எழும்புவார்கள். அவர்களிடம் கேளுங்கள், சுனாமிக்குப் பிறகும் சண்டைக்குப் பிறகும் இந்தக் கரையில் வீடு கட்டிய காசு எங்கிருந்து வந்தது என்று. வாரக் கடன் கட்ட முடியாமல் விமானம் ஏறிய பெண்கள் எத்தனை பேர். அம்மம்மாமார் வளர்த்த பிள்ளைகள்தான் இந்தப் பக்கம் முக்கால்வாசி. எங்கள் முறையில் தாய் வீட்டோடுதான் குடும்பம், தாய்மாமன்தான் பிள்ளைக்கு இரண்டாவது தகப்பன். அந்தப் பையனுக்குத் தாய்மாமன் இருக்கிறாரா? அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டீர்களா?


வாவிக்கரை | வெள்ளி, இரவு 9:50

அக்கா, தாய் பார்த்துவிட்டா. அன்று இரவே அம்மம்மாவுக்கு அழைத்து அழுதிருக்கிறா. ஊரிலிருந்து யாரும் பேசவில்லை. நாளைக் காலையில் நானும் கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கரும் பேசுகிறோம். தாய்மாமன் ஒருவர் வாழைச்சேனைப் பக்கம் கடலுக்குப் போகிறவர். ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.


அக்கரைப்பற்றுக் காக்கா | சனி, காலை 8:20

இது தமிழ் ஊர்ப் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கமும் இதே பிள்ளைகள், இதே போன், இதே கமெரா.

எங்கள் மஹல்லாவில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பையன் சாமான் எடுத்துவிட்டான். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை மூன்று பேரை மட்டும் கூப்பிட்டது. வாப்பா, பையன், கடை முதலாளி, இந்த மூன்று பேர். வேறு ஆள் இல்லை, போன் இல்லை. முதலாளி தன் நட்டத்தைச் சொன்னார், பையன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு வாப்பா பாதியைக் கொடுத்தார், பையன் பாடசாலை விட்டபின் ஒரு கராஜில் வேலை பழகி மீதியைத் தவணையாகக் கொடுத்தான். கல்முனைக் கடைக்காரர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் இருந்த பதில் இதுதான்.

அதே நேரம் ஊர்ச் சபையின் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசல் முற்றத்தில் வைத்து அடித்ததையும் பார்த்திருக்கிறேன். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அடி, வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சமாதானம் என்று போனதும் உண்டு. அதனால் சபை பேசட்டும், ஆனால் பக்கத்தில் அரசாங்கத்தின் ஆள் ஒருவர் இருக்க வேண்டும்.


கல்லாறு டீச்சர் | சனி, முற்பகல் 11:30

விடுகைப் பத்திரம் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டாயக் கல்வி வயது முன்பு 14 வரை இருந்தது. 2016இல் அதை 16 ஆக்கினார்கள். 14 வயதுப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து வெளியே தள்ளும்படி ஊர் மனு எழுதினால், அது அதிபரைச் சட்டத்துக்கு எதிராகப் போகச் சொல்வது. அதிபர் மனுவை வாங்கவே கூடாது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பையனின் வரவுப் பதிவேட்டைப் பாருங்கள். அவன் கடைக்குள் இறங்கியதற்கு எவ்வளவு காலத்துக்கு முன்பு பாடசாலைக்கு வருவதை நிறுத்தினான் என்று அதில் இருக்கும். எங்களிடம் வரும் இப்படியான பிள்ளைகள் அநேகரும் முதலில் திங்கட்கிழமை வருவதில்லை, பிறகு பரீட்சை நாளில் வருவதில்லை, பிறகு வருவதே இல்லை. படுவான்கரையில் வேளாண்மை வெட்டுக் காலத்தில் வகுப்பு பாதி காலியாக இருக்கும். யானை வந்த காலையில் பிள்ளையை யாரும் அனுப்ப மாட்டார்கள். பஸ் இல்லாத நாளும் உண்டு. இந்தக் காரணங்கள் உண்மையானவை. அதனாலேயே உண்மையாகத் தொலைந்துபோகும் பிள்ளை, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பையன், வகுப்பில் இருந்து தினமும் வெட்கப்படுவதைவிட மோட்டர் சைக்கிளின் பின்னால் இருப்பதைத்தான் விரும்புவான். அங்கே அவனை ஒருவன் 'மச்சான்' என்று கூப்பிடுகிறான்.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். கிராமத்தில் சிறுவர் அபிவிருத்திக் குழு என்று ஒன்று பதிவில் இருக்கும். அது கடைசியாக எப்போது கூடியது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஞாயிறு கூட்டத்தை அந்தக் குழுவின் கூட்டமாக மாற்றினால், யாராவது ஒருவர் குறிப்பேட்டில் எழுத வேண்டி வரும். எழுதினால் பொறுப்பு வரும்.

செங்கலடித் தம்பிக்கு ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் பிள்ளைகள் துவக்குத் தூக்க வைக்கப்பட்ட காலத்தை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். 2009இல் சண்டை முடிந்தபோது ஆயுதக் குழுவில் இருந்த கிட்டத்தட்ட 600 சிறுவர்களைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று கருதித்தான் புனர்வாழ்வுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் தங்கிப் பரீட்சை எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த மேசையும் கதிரையும் தகரம் கழற்றிய பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?


செங்கலடிச் சந்தி | சனி, பின்னேரம் 4:45

டீச்சர், நீங்கள் சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். திருந்தாத பிள்ளை என்று ஒன்றும் இல்லையா? வீட்டில் அடங்காது, பாடசாலை போகாது, மூன்றாம் முறையும் உடைக்கும் என்றால்? அப்போதும் அம்மம்மாவோடு விடுவதா?


பழைய நன்னடத்தை | சனி, இரவு 7:30

ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர். இந்த இழையை வாசித்து மனம் கனத்துப் போனது. செங்கலடியாரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

இல்லாமல் இல்லை. வீட்டில் வைத்திருந்தால் பிள்ளைக்கே ஆபத்து என்ற நிலைமைகள் உண்டு. சில பையன்களை வெளியே எடுக்கும்படி நானே அறிக்கை எழுதியிருக்கிறேன். ஆனால் அனுப்பும் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும். 2023 கடைசியில் கல்முனையில் இருந்த சிறுவர் நன்னடத்தை இல்லத்தில் மட்டக்களப்புப் பையன் ஒருவன் இறந்ததையும், மேற்பார்வையாளர் ஒருவர் கைதானதையும் இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அவனும் களவு வழக்கில் போனவன். 'உள்ளே போடு' என்று ஊர் எழுதும்போது அந்தப் பையனை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும். இதற்கு மேல் அந்த விடயத்தை எழுத எனக்கு மனம் இல்லை.

சரி, அறிக்கை எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன். உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார். அம்மம்மாவிடம், அயலவர்களிடம், கிராம உத்தியோகத்தரிடம், வகுப்பாசிரியரிடம் கேட்பார். ஒருவரின் தலையில் பெரிய பிரதேசம் இருக்கும், வேறு வழக்குகளும் நிறைய இருக்கும். அவருக்கு ஒரு பின்னேரம்தான் கிடைக்கும். அந்தப் பின்னேரத்தில் ஊர் அவருக்கு என்ன சொல்கிறதோ அதில் பாதி அறிக்கையில் போகும். 'வீட்டில் கவனிப்பார் இல்லை, ஊர் ஏற்கவில்லை' என்று கேட்டால் இல்லத்துக்குப் பரிந்துரைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியாது. ஊர் நினைத்தால் அந்தப் பின்னேரத்தில் வேறு ஒன்றைக் கொடுக்கலாம்.

அதனால் கூட்டத்தில் கடிதத்துக்குப் பதிலாக ஒரு ஏற்பாட்டை எழுதுங்கள். பையனுக்குப் பொறுப்பான வளர்ந்த ஆள் யார்? தாய்மாமனா, கழகப் பயிற்சியாளரா? பெயர் வேண்டும். 'ஊர் பார்த்துக்கொள்ளும்' என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். காலையில் பாடசாலைக்கு யார் கூட்டிப் போவது, பின்னேரம் எங்கே இருப்பான், இரவு அம்மம்மா தனியே இருக்கும்போது யார் தங்குவது? கடைக்காரருக்கு எவ்வளவு, எந்தத் தவணையில்? நியூசிலாந்தில் 1989 முதல் பிள்ளையையும் குடும்பத்தாரையும் பாதிக்கப்பட்டவரையும் ஒன்றாக இருத்தி இப்படித்தான் ஏற்பாடு எழுதுகிறார்கள். சட்டமே அதைக் கேட்கிறது. அக்கரைப்பற்றுக் காக்காவின் ஊர் அதை யாரிடமும் படிக்காமலே செய்திருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். பையனை மேடையில் ஏற்றி மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். மரத்தில் கட்டியதன் இரண்டாம் பாகமாகத்தான் அவன் அதை எடுத்துக்கொள்வான். கடைக்காரர் முன்னால், சிலபேர் மட்டும் இருக்கும்போது கேட்டால் போதும். அடுத்தது, வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. ஊரே முடித்துவிட்டதாக நினைத்து அடுத்த வழக்குத் தவணைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். காசு கொடுத்ததை எழுத்தில் வைத்து, சட்டத்தரணி மூலமாக நீதிமன்றத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.


வாவிக்கரை | திங்கள், இரவு 8:15

கூட்டம் நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அதிபருக்கு மனு எழுதுவதைக் கைவிட்டார்கள். கல்லாறு டீச்சர் சொன்ன கட்டாயக் கல்வி வயதை எடுத்துச் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. கழகத்திலிருந்து நீக்குவதை வாக்கெடுப்புக்கு விட்டோம், நீக்குவதில்லை என்று வந்தது. கடிதத்தில் சிலர் கையெழுத்து வைத்துவிட்டார்கள், தாங்களாகவே கொடுப்போம் என்கிறார்கள். அவர்களைத் தடுக்க முடியவில்லை.

தாய்மாமன் வந்தார். கூட்டத்தில் அதிகம் பேசவில்லை. முடிந்ததும் நேரே கடைக்காரரின் வீட்டுக்குப் போனார். நானும் வண்ணக்கரும் கூடப் போனோம். கடைக்காரரின் மனைவிதான் முதலில் பேசினா, உடைபட்ட இரவுக்குப் பிறகு கடையில் தனியே இருக்கப் பயமாக இருக்கிறது என்று. பையன் அதைக் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை. தவணைக்குச் சம்மதித்தார்கள், ஆனால் பையன் கடைக்குள் வரக்கூடாது என்றார்கள். நியாயம்தானே. பின்பக்கத் தகரத்துக்குப் பதிலாகக் கல் வைத்துக் கட்டிக் கொடுப்பதாகக் கழகம் ஏற்றுக்கொண்டது.

வட்ஸ்அப் குழுவில் படம் அழிக்கப்பட்டது. பேஸ்புக் பக்கம் ஒன்று அழிக்க மறுக்கிறது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

இப்போது பிரச்சினை: பையன் பாடசாலைக்குப் போக மாட்டேன் என்கிறான். பிள்ளைகள் அந்தப் படத்தைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். வாழைச்சேனையில் மாமாவோடு தங்கி அங்கே ஒரு பாடசாலைக்குப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?


கல்லாறு டீச்சர் | திங்கள், இரவு 9:00

மாமாவோடு இருக்க அவனுக்கு விருப்பம் என்றால் அது நல்ல செய்தி. ஆனால் அவசரப்பட வேண்டாம். பாடசாலைத் தவணை நடுவில் மாறினால் புதிய பாடசாலையில் இடம் கிடைக்கும் வரை வீட்டில் இருப்பான், அந்த இடைவெளிதான் ஆபத்து. அதோடு மாமா கடலுக்குப் போனால் இரவில் யார் இருப்பது? மாமியோடு பேசினீர்களா? அவவின் சம்மதம் இல்லாமல் எதுவும் நிலைக்காது.

இங்கேயே தொடர்வதாக இருந்தால் முதல் கிழமை கழகத்துப் பிள்ளைகளில் மூத்தவர் இருவர் வீட்டுக்கே வந்து கூட்டிப் போகட்டும். வகுப்பாசிரியரிடம் நான் பேசுகிறேன், எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். வாசிப்புத் தெரியாது என்றால் அதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பின்னேரம் தனியே சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். தொழில் பக்கம் விருப்பம் என்றால் 13 வருடக் கட்டாயக் கல்வித் திட்டத்தில் தொழிற்பாடப் பிரிவு இருக்கிறது. அதற்கும் அவன் முதலில் பதினோராம் வகுப்பு வரை வந்தாக வேண்டும்.


தம்பிலுவில் அக்கா | திங்கள், இரவு 9:20

அவனிடமே கேளுங்கள். எங்கே இருக்க ஆசை, யாரோடு என்று. என் மகனிடம் யாரும் கேட்கவில்லை.


நீதிமன்ற வாசல் | திங்கள், இரவு 10:05

இடம் மாறுவதாக இருந்தால் நீதிமன்றத்துக்குச் சொல்லாமல் மாறக் கூடாது. பிணை நிபந்தனையில் முகவரி இருக்கும். அடுத்த தவணைக்கு அம்மம்மாவோடு மாமாவும் போகட்டும். பிறப்புச் சான்றிதழ், பாடசாலை வரவுப் பதிவின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், கடைக்காரரோடு எழுதிய ஒப்பந்தம், இந்த நான்கையும் ஒரு கோவையில் போட்டுக் கொண்டு போகச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். அடித்தது பற்றிய முறைப்பாட்டைக் குடும்பம் கொடுப்பதா இல்லையா என்பதைத் தாய்தான் முடிவெடுக்க வேண்டும். ஊர் பயமுறுத்தி நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. மருத்துவச் சீட்டு எடுத்திருந்தால் அதையும் அந்தக் கோவையில் வையுங்கள். எடுக்கவில்லை என்றால் காயம் ஆறுவதற்குள் நாளைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.